கேன்டீனில் மைக் கிடையாது

திலகவதியின் இருபத்தாறு ஆண்டு உழைப்புக்குப் பங்குமானி மூன்று விழுக்காடு போட்டிருந்தது. அதுவும் ரெஸ்யூமில் ஒரே ஒரு வரிக்குத்தான். மற்ற வரிகளுக்குப் பக்கத்தில் ஒன்று, ஒன்றரை என்று சில்லறை எண்கள். ஓரிடத்தில் வெறும் கோடு.

"இந்தக் கோடு என்னங்க?" என்று கேட்டாள்.

"அளக்கிற அளவுக்கு ஒண்ணும் கிடைக்கலைன்னு அர்த்தமுங்க மேடம்," என்றான் மோகனரங்கன்.

மோகனரங்கன் ரெஸ்யூம் எழுதித் தருபவன். காந்திபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே, மாடியில் அவனுடைய அலுவலகம். புதிதாக வேலை தேடும் பிள்ளைகளுக்கு எழுத மாட்டான். ஆலைத் தலைவர், துணைத் தலைவர், தலைமைச் செயல்பாட்டு அதிகாரி என்ற உயரத்தில் வேலை தேடுகிறவர்கள் மட்டும்தான் அவனிடம் வருவார்கள். அவர்கள் முப்பது வருடம் மூச்சுமுட்ட ஓடியதை இரண்டே பக்கத்தில் மடித்துக் கொடுத்துவிடுவான். வாய் ஓயாது, ஆனால் தொழிலில் சுத்தம்.

திலகவதி சிரித்தாள். எங்கோ தவறு நடந்திருக்கிறது, அவன் ஏதாவது ஒரு பொத்தானைத் தட்டினால் மூன்று முப்பதாகிவிடும் என்றுதான் நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

ஏனென்றால் அவளுக்கு இந்த வேலை வேண்டும். கோவையின் பெரிய பம்ப் கம்பெனி ஒன்றில் செயல்பாட்டுத் தலைவியாக இருந்தவள் அவள். கம்பெனியை வெளியூர்க்காரர்கள் வாங்கினார்கள். வாங்கியவர்கள் தங்கள் ஆளைக் கொண்டுவந்து அவள் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வயது ஐம்பத்து மூன்று. வீட்டிலிருந்த சில மாதங்களில் அஞ்சறைப் பெட்டியிலிருந்து பரண்வரை எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி முடித்துவிட்டு, கணவர் வேலுச்சாமி பேப்பர் படிக்கிற முறையைத் திருத்த ஆரம்பித்திருந்தாள். "திலகா, சீக்கிரம் எங்கியாச்சும் வேலைக்குப் போயிரு," என்று அந்த மனிதர் கும்பிடாத குறையாகச் சொன்னார். அந்த நேரத்தில்தான் அரசூரில் குழந்தைவேலு என்பவர் நடத்தும் நீர்ச் சுத்திகரிப்புக் கருவிக் கம்பெனியில் தலைமைச் செயல்பாட்டு அதிகாரி இடம் காலியானது. இரண்டு ஆலைகள், ஆயிரத்துச் சொச்சம் பேர். விளம்பரத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பழைய பசி வந்துவிட்டது. இந்த வயதில் இப்படி ஓர் இடம் இன்னொரு முறை வாய்க்காது என்பதும் அவளுக்குத் தெரியும்.

"எழுதினதுல ஏதாச்சும் குறையா தம்பி?"

"எழுத்துல குறை இல்லீங்க, நான் எழுதினது," என்று மோகனரங்கன் திரையை அவள் பக்கம் திருப்பினான். "இந்த மூணு வாங்கின வரியைப் பாருங்க. 'வயலிலிருந்து பழுதாகித் திரும்பிய மோட்டார்களை ஒரே பருவத்தில் பாதியாகக் குறைத்தேன்.' என்ன பண்ணீங்க, எவ்வளவு குறைஞ்சுது, எவ்வளவு காலத்துல, எல்லாம் இருக்குது. 'உதவினேன்', 'ஒத்துழைச்சேன்'னு வழவழா கொழகொழா இல்ல. பெரிய பதவிக்கு எழுதுற ரெஸ்யூமுக்கு இலக்கணமே இவ்வளவுதானுங்க. அந்தக் காலமா இருந்தா இதைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு நிம்மதியா உக்காந்துக்கலாம்."

அந்தக் காலம் என்று அவன் சொன்னது அப்படியொன்றும் பழைய காலமல்ல. ரெஸ்யூம் என்பது கொஞ்சம் உண்மையும் கொஞ்சம் உப்புக் காரமுமாக இருந்த காலம். பிறகு எல்லோருக்கும் எந்திரமே எழுதிக் கொடுக்க ஆரம்பித்தது. ஒரு பதவிக்கு ஆயிரம் பேர் விண்ணப்பித்தால் ஆயிரம் பேரும் மூழ்கிய கம்பெனியைத் தூக்கி நிறுத்தின மகான்களாக இருந்தார்கள். இவர்கள் எல்லோரும் தூக்கி நிறுத்தியிருந்தால் நாட்டில் மூழ்கிய கம்பெனி என்று ஒன்று ஏன் இருக்கப் போகிறது? முதலாளிகள் வெறுத்துப்போய் ரெஸ்யூம் படிப்பதையே விட்டார்கள். அந்த வெறுப்பில் பிறந்ததுதான் பங்குமானி. கம்பெனிகள் சேர்த்து வைத்திருக்கும் மெயில், மீட்டிங் ஒலிப்பதிவு எல்லாவற்றையும் அது படிக்கும், கேட்கும். 'நான் செய்தேன்' என்று நீங்கள் ஒரு வரி எழுதினால், அதில் உங்கள் பங்கு இவ்வளவு என்று பக்கத்திலேயே எண்ணைப் போட்டுவிடும்.

"அது மூணு விஷயம் பார்க்குமுங்க," என்றான் மோகனரங்கன். "யாரு முதல்ல சொன்னது, யாரு எழுத்துல போட்டது, யாரு முடிவெடுத்தது. உங்க பேரு மூணாவதுல மட்டும்தான் வருது. அது எப்படி வருதுன்னு நீங்களே கேளுங்க."

பழைய மீட்டிங் ஒன்றை ஒலிக்கவிட்டான். ஆரோக்கியதாஸின் குரல். அப்போது அவன் தரப் பிரிவில் சின்ன இன்ஜினியர். தட்டுத்தடுமாறி ஆரம்பித்து, போகப்போகச் சூடுபிடித்து, ஐந்து நிமிடம் பேசினான். "எரிஞ்சுபோய்த் திரும்பி வர்ற மோட்டாரை சர்வீஸ் ஆளுங்க பிரிக்க வேண்டாம். அதுக்குக் கம்பி சுத்தின வைண்டிங் பொண்ணுங்களே பிரிக்கட்டும். தான் சுத்தினது எங்க எரிஞ்சிருக்குதுன்னு அவங்க கண்ணால பார்த்தா, அடுத்த மோட்டாரைச் சுத்தறப்ப கை தானா மாறிக்கும்." அறையில் ஒரு சலசலப்பு. கடைசியில் திலகவதியின் குரல்: "நல்லாருக்கு. பண்ணுங்க."

"இதுக்குத்தானுங்க மூணு விழுக்காடு."

கீழே பேக்கரியில் யாரோ ஒருவன் வெஜ் பஃப்ஸ் சூடாக இருக்கிறதா என்று மூன்றாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அது நான் சொன்னதுங்க தம்பி," என்றாள். "முந்தின வாரம் கேன்டீன்ல தாஸ் டீ குடிச்சிட்டு இருந்தாரு. நான் எதுத்தாப்புல உக்காந்து, 'தாஸ், இந்த மோட்டாரைச் சுத்தறது யாரு, பிரிக்கிறது யாரு?'ன்னு கேட்டேன். ரெண்டு பேரையும் சொன்னாரு. 'அவங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குவாங்களா?'ன்னு கேட்டேன். எந்திரிச்சு வந்துட்டேன்."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவு போதும். தாஸ் நல்ல மூளைக்காரர். ஒரு வாரம் மென்னுட்டு இருந்தாரு, மீட்டிங்கில கொண்டாந்து வெச்சாரு."

"நீங்களே நேரா சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொல்லிப் பார்த்தவதான். சேர்ந்த புதுசுல வாய் கிழியச் சொன்னேன். சரிங்க மேடம், சரிங்க மேடம்னு தலையாட்டுவாங்க. செய்வாங்க, ஆனா வேண்டா வெறுப்பா செய்வாங்க. ரெண்டு மாசத்துல அது செத்துப் போயிரும். அதே யோசனை அவங்களுக்கே தோணுனதா இருந்தா உசிரைக் குடுத்துச் செய்வாங்க. எனக்கு மோட்டார் எரியாம இருந்தாச் சரி. யாரு சொன்னா என்ன?"

"எல்லா வரியும் இப்படித்தானுங்களா?"

"எல்லாமே கேன்டீன்லதான்."

மோகனரங்கனுக்கு முகம் மலர்ந்தது. "அப்பக் கவலையை விடுங்க. கேன்டீன் ஒலிப்பதிவைத் தோண்டி எடுத்துரலாம்."

"கேன்டீன்ல மைக் கிடையாதுங்க. டீ குடிக்கிறப்பகூட ஒட்டுக்கேட்டா எப்படின்னு தொழிலாளிங்க கேட்டாங்க. நியாயந்தானே. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சு. நம்மளைப் பார்த்து கோயமுத்தூர் பூராவும் அதே ஒப்பந்தத்தைப் போட்டாங்க."

"கையெழுத்துப் போட்ட அந்தப் புண்ணியவான் யாருங்க?"

"நான்தான்," என்றாள் திலகவதி.

மோகனரங்கன் தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு, இருக்கிற ஒரே வழியைச் சொன்னான். பங்கு விடுப்பு என்று ஒன்று உண்டு. அந்த வரியில் அறுபத்து நான்கு விழுக்காடு ஆரோக்கியதாஸ் பெயரில் இருக்கிறது. அவன் மனசு வைத்து, இந்த யோசனை மேடம் கொடுத்தது என்று பங்குமானியிடம் தன் குரலால் சொன்னால், எண் அவனிடமிருந்து இறங்கி அவளுக்கு ஏறிவிடும்.

"ஒரே ஒரு போன். உங்ககிட்ட வளர்ந்த பையன், மறுப்பானுங்களா?" என்றவன், அவள் எழுந்திருக்கும்போது தயங்கிக் கேட்டான். "ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே மேடம். இத்தனை பேரோட மண்டைக்குள்ள உங்க யோசனையை வெச்சுட்டு, அது அவங்களோடதுன்னு நம்ப விட்டிருக்கீங்க. அதுவும் ஒரு வகையில ஏமாத்துதானுங்களே?"

அவளுக்குச் சுருக்கென்றது. படி இறங்கிப் போய்விட்டாள்.

போனில் கேட்கிற விஷயமல்ல என்று, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்திருப்பான் என்ற கணக்கில், போத்தனூரில் ஆரோக்கியதாஸ் வீட்டுக்கே போனாள். அவன் இப்போது வேறொரு கம்பெனியில் உற்பத்திப் பிரிவுக்குத் துணைத் தலைவர். நாற்பத்து நான்கு வயது, காதோரம் நரை. அவளைக் கண்டதும் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு வாசலுக்கே ஓடி வந்தான்.

"மேடம், சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனுங்களே. வாங்க வாங்க. ஃபிலோமி, யாரு வந்திருக்காங்க பாரு."

அவன் மனைவி காபியும் பிளம் கேக்கும் கொண்டுவந்து வைத்தாள். கல்லூரிக்குப் போகிற மகள் எட்டிப் பார்த்து வணக்கம் சொன்னாள். ஆரோக்கியதாஸ் மகளை அருகில் கூப்பிட்டு உட்கார வைத்தான்.

"நான் சொல்லுவேனில்ல, திலகவதி மேடம், இவங்கதான். அந்த மோட்டார் ஐடியாவை நான் சொன்னப்ப, ஒரு கேள்வி கேக்காம, 'நல்லாருக்கு, பண்ணுங்க'ன்னு சொன்னவங்க. வேற யாரா இருந்தாலும் நூறு நொட்டை சொல்லியிருப்பாங்க."

திலகவதி கேக்கைப் பிட்டுக்கொண்டே, வந்த விஷயத்தை எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஐடியா எப்படித் தாஸ் வந்துச்சு உங்களுக்கு?"

அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அங்கிருந்து தொடங்கினால் அவனுக்கே நினைவு வரும், தான் வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்காது என்று ஒரு நப்பாசை.

"அதானுங்க மேடம் எனக்கே அதிசயம். கேன்டீன்ல டீ குடிச்சிட்டு இருந்தேன். எதைப் பத்தியும் யோசிக்கலை. திடீர்னு உள்ளுக்குள்ள யாரோ கேட்ட மாதிரி இருந்துச்சு, சுத்தறது யாரு, பிரிக்கிறது யாருன்னு." நெற்றியைச் சுருக்கினான். "நீங்ககூட அன்னிக்கு அங்கதான் இருந்தீங்க, இல்லீங்களா? எதுத்தாப்புல."

"இருந்தேன்," என்றாள் திலகவதி.

"அதுக்கு முன்னால நான் மீட்டிங்கில வாயே தொறந்ததில்லீங்க. எனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்குதுன்னு நானே நம்பினது அன்னிக்குத்தான். இவகிட்ட அடிக்கடி சொல்லுவேன், படிக்கிறப்ப மண்டையில ஏறலைன்னு அழுவா. 'அப்பனுக்கு முப்பது வயசுலதான்டி மூளை வேலை செஞ்சுது, நீ பொறு'ன்னு சொல்லுவேன்."

மகள் "போங்கப்பா," என்று எழுந்து உள்ளே போனாள். திலகவதி மீதிக் கேக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

ஆரோக்கியதாஸ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "நீங்களா வந்தது நல்லதாப் போச்சுங்க. எப்படிக் கேக்கறதுன்னு ரெண்டு வாரமா முழிச்சிட்டு இருந்தேன். அரசூர்ல குழந்தைவேலு சாரோட கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டிருக்கேன், தலைமைச் செயல்பாட்டு அதிகாரிக்கு. அந்த மோட்டார் வரியில எனக்கு அறுபத்து நாலு. மூணுல ரெண்டு பங்கு வந்தாத்தான் பங்குமானி முத்திரை விழும், முத்திரை விழுந்தவங்களைத்தான் கூப்பிடுறாங்களாம். அதுல ஒரு மூணு உங்க பேர்ல நிக்குதுங்க." சொல்லிவிட்டு வெட்கப்பட்டான். "உங்களுக்கு அது எம்மாத்திரம்? மனசு வெச்சு விட்டுக்குடுத்தீங்கன்னா, எனக்கு அது பெரிசுங்க மேடம்."

அவள் விண்ணப்பம் போட்டிருப்பது அவனுக்குத் தெரியாது. அந்த மூன்றுதான் அவள் ரெஸ்யூமிலேயே பெரிய எண் என்பதும் தெரியாது. "யோசிச்சுச் சொல்றேன் தாஸ்," என்று எழுந்துகொண்டாள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மனசுக்குள் அவனைத் திட்டினாள். அப்படியொரு வயிற்றெரிச்சல். உள்ளுக்குள்ள யாரோ கேட்ட மாதிரி இருந்துச்சாம். யாரோவாம். எதிரில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தவள் உன் கண்ணுக்கு யாரோவா? கேட்டுவிட வேண்டியதுதான், போனை எடுத்து, டேய் தாஸ், அது நான் கேட்ட கேள்வி என்று சொல்லிவிட வேண்டியதுதான். சிங்காநல்லூர் தாண்டும்போது போனைக் கையில் எடுக்கவும் செய்தாள். அவனுடைய மகள் "போங்கப்பா" என்றது நினைவுக்கு வந்தது. பைக்குள் போட்டுவிட்டாள்.

சாப்பிடும்போது வேலுச்சாமியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டே கேட்டார்:

"அவன் மறந்துட்டானா, இல்ல மறந்த மாதிரி நடிக்கிறானா?"

"நடிக்கத் தெரியாதுங்க அவருக்கு. நெசமாவே மறந்துட்டாரு. மறக்கற மாதிரிதானே நான் பண்ணினேன்."

"அப்பறம் எதுக்கு அழுவற?"

"அழுவலீங்க. மிளகா," என்றாள். அவள் தட்டில் இருந்தது தயிர்ச் சோறு.

உண்மையில் அவளுக்கு அழுகைதான் வந்தது. வேலை கைநழுவுகிறது என்பதற்காக மட்டும் அல்ல. இருபத்தாறு வருடம் தான் அங்கே இருந்ததற்கு ஒரு சாட்சியும் இல்லாமல், தானே பார்த்துப் பார்த்துத் துடைத்து வைத்திருக்கிறோமே என்றுதான். அவனிடம் திருப்பிக் கேட்டால் அறுபத்து நான்கும் வந்துவிடும், சந்தேகமில்லை. அவள் சொன்னால் அவன் நம்புவான். ஆனால் அதோடு போத்தனூர் வீட்டிலிருந்து இன்னும் என்னவெல்லாம் எடுத்துக்கொண்டு வர வேண்டியிருக்கும் என்று நினைத்தபோது கை வரவில்லை. மூன்றை வைத்துக்கொண்டு அவளுக்கும் பயனில்லை. ஒரு ஆலையின் கிடங்கில் சும்மா கிடக்கிற சாமான் இன்னொரு ஆலைக்கு உதவும் என்றால் ஏற்றி அனுப்பிவிடுவதுதான் அவள் பழக்கம்.

மறுநாள் காலையில் பங்குமானியைக் கூப்பிட்டாள். இனிமையான ஒரு பெண் குரல் கேட்டது: "இந்த யோசனை யாருடையது என்று உங்கள் குரலில் சொல்லுங்கள்."

"ஆரோக்கியதாஸோடது," என்றாள். அது பொய்யா மெய்யா என்று அவளுக்கே அந்த நேரத்தில் தெரியவில்லை.

"நன்றி. உங்கள் பங்கு இப்போது பூஜ்யம்," என்றது குரல், அதே இனிமையோடு.

மற்ற வரிகளின் சில்லறை எண்களை மொத்தக் கணக்கில் பங்குமானி சேர்ப்பதில்லை; மொத்தமும் பூஜ்யமாகி, அன்றைக்கே அவளுடைய விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. மோகனரங்கன் போனில் புலம்பினான். தன் தொழிலில் பூஜ்யம் வாங்கின முதல் ஆள் நீங்கள்தான் என்றான், எழுதிய கூலியும் வேண்டாம் என்றான். அவள் கூலியை அனுப்பிவைத்தாள்.

பத்து நாள் கழித்து அரசூர்க் கம்பெனியிலிருந்தே ஓர் அழைப்பு வந்தது. வேலைக்கு அல்ல. பெரிய பதவிகளுக்குப் பங்கு விட்டுக்கொடுத்தவர்கள் நேரில் வந்து, மிரட்டலோ பேரமோ இல்லாமல் மனமொப்பித்தான் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டுமாம். ஆரோக்கியதாஸுக்காகப் போனாள். நல்ல கைத்தறிப் புடவையாகக் கட்டிக்கொண்டுதான் போனாள். வேலை தராத கம்பெனியின் முன்னால் வாடிப்போய் நிற்க அவளுக்கு இஷ்டமில்லை.

மைக் வைத்த அறையில் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. வெளியே வரும்போது எதிரில் வந்தவர் குழந்தைவேலு. எழுபது வயது, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வந்தவர்களைக் காபி குடிக்காமல் அனுப்புவது அவர் குடும்பத்திலேயே கிடையாது. தன் அறைக்குக் காபி வரச்சொன்னால் ஆறிப்போய் வருகிறது என்று அவளைக் கேன்டீனுக்கே கூட்டிக்கொண்டு போனார்.

"உங்க பையன் ஆரோக்கியதாஸுக்கு முத்திரை விழுந்துருச்சுங்க," என்றார். "நல்ல நம்பர். ஆனா பாருங்க, எனக்கு நம்பரைப் பார்த்தாலே இப்பப் பயமா இருக்குது. இதுக்கு முன்னால இந்த நாற்காலிக்கு ரெண்டு பேரைக் கொண்டாந்தேன். ஒருத்தருக்கு எண்பது, இன்னொருத்தருக்கு எண்பத்தஞ்சு. வந்த வருஷமே என்கிட்ட இருந்த நல்ல ஆளுங்க ஒவ்வொருத்தரா எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. கேட்டா, எங்களுக்கு இங்க வேலையே இல்லீங்கறாங்க. எல்லாத்தையும் அவரே பண்ணிக்கறாராம்."

திலகவதி காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள். வேலை இல்லை என்றாகிவிட்டது, பூஜ்யம் என்றாகிவிட்டது, இனி இந்த மனிதரிடம் அவளுக்கு ஆக வேண்டியது எதுவுமில்லை. ஆனால் டம்ளர் கையில் இருக்கும்போது எதிரில் ஒருவர் குழம்பிக்கொண்டிருந்தால் அவளால் சும்மா இருக்க முடிந்ததே இல்லை.

"அந்த ரெண்டு பேருக்குக் கீழ முன்னால வேலை பார்த்தவங்களுக்கு நம்பர் எவ்வளவுங்க இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"அதை யாருங்க பார்த்தா?"

"பார்க்கிறது இல்லீங்களா," என்றாள். காபியைக் குடித்து முடித்து, நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டாள். பேருந்தில் ஏறிய பிறகுதான் தான் செய்தது அவளுக்கே உறைத்தது. 'இந்த வாயை வெச்சுக்கிட்டு,' என்று தன்னையே நொந்துகொண்டாள்.

அதன் பிறகு பல நாள் ஒன்றும் நடக்கவில்லை. வேலுச்சாமி பேப்பரை ஒளித்து வைத்துப் படிக்கப் பழகிக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில் போன் அடித்தது. இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது என்று முதலில் ஓர் அறிவிப்பு வந்தது. பிறகு குழந்தைவேலுவின் குரல். சின்னப் பையன் மாதிரி உற்சாகமாக இருந்தார்.

"ஏனுங்கம்மா, நல்லா இருக்கீங்களா? உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லோணும். எனக்கு ஒரு யோசனை தோணுச்சுங்க. எப்படித் தோணுச்சுன்னு கேக்காதீங்க, கேன்டீன்ல காபி குடிச்சிட்டு இருந்தேன், பொசுக்குன்னு தோணுச்சு. பெரிய நம்பர் வெச்சிருக்கிறவங்களை எதுக்குத் தேடுறோம்? அந்தப் பெரிய நம்பர்காரங்களெல்லாம் யாருக்குக் கீழ வளர்ந்தாங்கன்னு தேடினா என்ன? போர்டு மீட்டிங்கில வெச்சேன். எல்லாரும் அசந்து போயிட்டாங்க. பங்குமானி எனக்கு நூத்துக்கு நூறு போட்டிருக்குதுங்க. என் சர்வீஸ்லயே நூறு வாங்கினது இதுதான் முதல் தடவை."

திலகவதி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தேடிப் பார்த்தோமுங்க," என்றார் அவர். "இந்த ஊர்ல முத்திரை வாங்கின ஆளுங்கள்ல பாதிப் பேரு ஒரே இடத்துல வேலை பார்த்திருக்காங்க. எல்லாருக்கும் மேல இருந்தது ஒரே ஆளு. அந்த ஆளுக்கு நம்பர் பூஜ்யம். எங்க பசங்க மெஷின்தான் கோளாறுன்னாங்க. நான் சொன்னேன், கோளாறு இல்லடா, இவங்கதான் நமக்கு வேணும்னு. நீங்க வந்து பொறுப்பை எடுத்துக்கோணுமுங்க. எப்படி என் யோசனை?"

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்தக் கேள்வி நான் கேட்டது சார். ஒரே ஒரு வாக்கியம். போன் பதிவாகிக்கொண்டிருக்கிறது, சொன்னால் பங்குமானியில் ஏறும், வாழ்க்கையில் ஒரு முறையாவது அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மரியாதையான எண் நிற்கும். சொல்ல வேண்டும் என்று எவ்வளவு ஆசையாக இருந்தது என்றால், அவள் வாயைத் திறந்தேவிட்டாள். அந்தப் பக்கம் எழுபது வயது மனிதர் பாராட்டுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"நல்லாருக்குங்க சார்," என்றாள். "பண்ணுங்க."

அவர் கடகடவென்று சிரித்தார். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "ஒரே ஒரு சங்கடமுங்க. அந்த ஆரோக்கியதாஸ். நல்ல மனுஷன், நேர்ல பார்த்தேன், எனக்குப் பிடிச்சுது. இருக்கிறது ஒரு நாற்காலி. அவருகிட்ட எந்த மூஞ்சியை வெச்சுட்டு இல்லைன்னு சொல்றது?"

திலகவதி யோசித்தாள். போத்தனூர் வீட்டில் அவன் வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டது கண்முன் நின்றது. அவனிடம் இந்தச் செய்தியை முதலில் தானே போய்ச் சொல்ல வேண்டும், அவன் முகம் வாடுவதைத் தானே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றும் முடிவு செய்துகொண்டாள். அதற்குமுன் இன்னொரு வேலை இருந்தது. பங்குமானி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கேள்வி கேட்கிறவர்களுக்கு அது எண் போடாது என்றாலும், கேட்டது கேட்டபடி பதிவில் கிடக்கும். இந்த முறை மைக் இருக்கிறது என்று தெரிந்தேதான் கேட்டாள்.

"உங்களுக்கு ரெண்டு ஆலை இருக்குதுங்களே சார். ரெண்டுக்கும் தனித்தனியா தலைவர் இருக்காங்களா?"

"எங்கீங்க? ரெண்டுக்கும் ஒருத்தர்தான். அவரும் சித்திரையோட ஓய்வு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "இருங்க, இருங்க. எனக்கு ஒண்ணு தோணுதுங்க."

"சொல்லுங்க சார்," என்றாள் திலகவதி.